உங்கள் மகன் கெர்னலில் போட்ட ஓட்டை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மகளும் உங்கள் மகனும் ஒரே வீட்டில் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது. தாங்கள் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பொய்ச் சாட்சி பிடிக்காது என்பதால் நிறுத்திக்கொண்டேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? தங்கள் புதுப் பல்செட் பொருந்திவிட்டதா? போனில் கேட்டிருப்பேன். ஆனால் போனை எடுத்தாலே உங்கள் மகள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்ட பாவி நான்தான். கிளினிக்கில் பட்டனை அழுத்தினால் டோக்கன் சீட்டு வருமே, அந்த மெஷின்தான் எங்கள் தயாரிப்பு. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று. எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு போட்டுக் கொடுப்பது அதன் பொறுப்பு. வாங்கியவன் வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், வாடகைக்கு எடுத்த அண்டாவைத் திருப்பித் தருகிற மாதிரி. தராமல் மேலே மேலே வாங்கிக்கொண்டே போனால் ஒருநாள் கடையில் அண்டாவே இருக்காது, மெஷின் நின்றுவிடும். இதற்குத்தான் மெமரி லீக் என்று பெயர். போன வாரம் ஒரு கண் கிளினிக்கில் எங்கள் மெஷின் செத்துப்போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட அத்தனை பேரும் எதிரே நிற்பது யார் என்றே தெரியாமல் "நான்தான் முதல்ல வந்தேன்" என்று கட்டிப் புரண்டிருக்கிறார்கள். ஒருவர் தண்ணீர் கேனோடு சண்டை போட்டாராம்.

அந்த மெஷினில் சீட்டு அச்சடிக்கும் பகுதியைக் கெர்னலோடு சேர்க்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதியது உங்கள் மகன். பாக்கியெல்லாம் நான் எழுதியது. ஆகவே தப்பு யாருடையது என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் வரவில்லை. ஆனாலும் நான் நியாயஸ்தன் இல்லையா? ஆதாரம் வேண்டும் என்று லேபில் ஒரு மெஷினை நிறுத்தி, நானே எழுதிய ஒரு புரோகிராமை அதில் ஓடவிட்டேன். காவல்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நொடிக்கு ஒரு தரம் எழுந்து, எவ்வளவு மெமரி போயிருக்கிறது என்று பார்த்து, புதுப் பெயரில் ஒரு சின்ன ஃபைல் திறந்து குறித்து, திரையில் வரைகிற கணக்குக் கோட்டை ஒரு புள்ளி நீட்டி, ஃபைலை அழித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். சுத்தமான பிள்ளை. பார்த்தால், மாமா, கோடு ஏறுகிறது! ஏறிக்கொண்டே இருக்கிறது! உங்கள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஸாரி அத்தான்" என்றான். எதற்கு ஸாரி என்று கேட்டால் அதற்கும் ஒரு ஸாரி. இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

சரி, இன்னும் நெருக்கிப் பிடிப்போம் என்று காவல்காரனை நொடிக்குப் பத்து தரம் எழுப்பினேன். உடனே லீக் பத்து மடங்கு! திருட்டு முழி முழிக்கிறவனை உற்றுப் பார்த்தால் கை நடுங்குமே, அதேதான். அந்தக் காவல்காரன் கண் அயர்ந்துவிடக் கூடாதே என்று இன்னொரு காவல்காரனையும் போட்டேன், இரண்டு மடங்கு. பிறகு அவனுடைய டிரைவரில் ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் பார்த்தேன், கோடு இறங்கவில்லை. கடைசியில் டிரைவரையே மொத்தமாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். அப்போதும் ஏறுகிறது! புரிகிறதா மாமா? மெஷினில் இல்லாதபோதே இத்தனை மெமரியைத் தின்கிறது என்றால், இருக்கும்போது என்ன ஆட்டம் ஆடியிருக்கும்! என் சர்வீஸில் இப்படி ஒரு டிரைவரைக் கண்டதில்லை.

வீட்டில் நிலவரம் இன்னும் மோசம். நான் என்ன, அவனைக் கட்டிவைத்து உதைத்தேனா? சாப்பிடும்போது "எந்த வரியில விட்டே, யோசிச்சு சொல்லு"ன்னு கேட்டேன், பல் தேய்க்கும்போது கேட்டேன், பாத்ரூம் கதவைத் தட்டி ஒரே ஒரு தரம் கேட்டேன். அதுக்குப் போய் உங்க மகள் என் தட்டை ணங்குன்னு வெச்சுட்டு, "என் தம்பிக்கு வேலை போச்சுன்னா வாசல்ல அவனோட பெட்டிக்குப் பக்கத்துல உங்க பெட்டியும் இருக்கும்"னு சொல்றா. என் வீட்டுல, மாமா! லோன் கட்டுறது நான்! இப்ப அவனுக்குத் தட்டுல மலை மாதிரி விழுது, எனக்கு அடிச் சட்டியைச் சுரண்டிப் போடுறா. உப்புக் கேட்டா, "உங்க காவல்காரனைக் கேளுங்க"ங்கறா.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணம். அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் அம்மா மீட்டிங் வைத்து, உங்கள் மகன் வேலையை நிரந்தரம் ஆக்குவதா, கணக்கு முடித்து அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார். லீக் அவனுடையது என்று நான் அறிக்கை கொடுத்தால் அனுப்பிவிடுவார். அவனாகவே முன்வந்து ஒப்புக்கொண்டு சரிசெய்தால் மன்னித்துவிடுவார், தங்கமான மனுஷி. ஆகவே தாங்கள் ஒரு வார்த்தை அவனிடம் அழுத்திச் சொன்னால் அவன் வேலையும் நிலைக்கும், எனக்கும் வயிறார ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கும். பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் எல்லோருடைய ஆசியாலும் உண்மை வெல்லட்டும்.

இப்படிக்கு,
நியாயத்துக்காகப் பட்டினி கிடக்கும்
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை அத்தை கண்ணில் படாமல் கிழித்துவிடவும். கவரை ஒட்டுவதற்குள் மேனேஜர் மீட்டிங்கை இன்றைக்கே வைத்துவிட்டார். உங்கள் மகன் எழுந்து, "மேடம், தப்பு என்னோடதுதான், காலையில சரி பண்ணிட்டேன்" என்றான். என்ன சரி பண்ணினான்? என் தொல்லை தாங்காமல் டிரைவரிலிருந்து ஒரு காலி வரியை அழித்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து, லேப் மெஷினை மாட்டியிருந்த பெரிய திரையில் படம் திக்கித் திக்கி வந்ததால், நான் காவல்காரர்கள் இருவரையும் நிறுத்தினேன். மேனேஜர் தன் கையாலேயே கீபோர்டைத் தட்டி மெமரியைப் பார்த்தார். ஏறவில்லை. மறுபடி பார்த்தார். அசையவே இல்லை. எழுந்து நின்று கைதட்டினார். ஓடிப்போய் ஆராய்ந்தால், அழித்த ஃபைலின் பெயரைக்கூட 'இப்படி ஒன்று இங்கே இல்லை' என்று கெர்னல் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், அதற்கும் மெமரி போகுமாம். இரண்டு காவல்காரர்களை வைத்து நொடிக்கு இருபது புதுப் பெயர் கொடுத்தவன் நான். அது லீக்கே இல்லை, வேறு யாராவது மெமரி கேட்டிருந்தால் காலி செய்து கொடுத்திருக்கும், யாரும் கேட்கவில்லை. கண் கிளினிக்கில் யாரோ மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறார்.

உங்கள் மகன் வேலை நிரந்தரம். மதியம் வீட்டில் உங்கள் மகள் எனக்கு இரண்டாம் முறை பரிமாறினாள். ஆனால் அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மேனேஜர் அறைக்குக் கிளம்புகிறான், நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் என்னவென்றால், லீக் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள என் காவல்காரனைத் திங்கட்கிழமை எல்லா மெஷினிலும் எங்கள் இருவரையே போடச் சொல்லிவிட்டார். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாதாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பிரதி அவர் மேஜை டிராயரில், சாவி அவர் இடுப்பில். போட்டால் கோடு ஏறும், அவன் வேலையும் போகும், என் வேலையும் போகும், இரண்டு பெட்டியும் வாசலுக்கு வரும். செவ்வாய்க்கிழமை அவர் நீண்ட லீவில் போகிறார், அப்புறம் சத்தமில்லாமல் காவல்காரனைத் திருத்திவிடுவேன். அந்த ஒரு திங்கட்கிழமையைத்தான் கடத்த வேண்டும். அதனால் மாமா, இதைக் கூரியரில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை காலையில், நாங்கள் ஆபீசுக்குக் கிளம்பும் முன், தாங்கள் லேசாக, உயிருக்கு ஆபத்தில்லாத அளவுக்கு, ஒரே ஒரு மயக்கம் போட்டு விழுந்தால் மகனும் மருமகனும் அலறியடித்துக்கொண்டு வந்துவிடுவோம். தலைகாணியைக் கீழே போட்டுவிட்டு விழவும். பல்செட்டைக் கழற்றி வைத்துவிடவும்.