மாமனார் கேட்ட சீமைச் சட்டம்

திண்டிவனம்
4-12-1936

விழுப்புரம் வக்கீல் குமாஸ்தா, மைத்துனர் சிரஞ்சீவி பாண்டுரங்கனுக்கு உன் அக்காள் புருஷன் கோதண்டபாணி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்றே எழுதிப் பழகிய கை இது. உன் தகப்பனாரைத் தவிர என்று நீயே சேர்த்துக்கொள்.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்து பதினோரு மாதமாகிறது. வலி வந்தால் துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொள்கிறார். மருந்துக்கு வலி இப்போதெல்லாம் கேட்பதில்லை. போன வாரம் அவர் கவனத்தைத் திருப்பப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. தீராத நோயாளி தானே எழுதிக் கேட்டால், டாக்டர் நோகாமல் உயிரை முடித்துவிடலாம் என்று சீமையில் பிரபுக்கள் சபைக்கு ஒரு மசோதா வந்திருக்கிறதாம். இரண்டு சாட்சி வேண்டுமாம்.

"அது நம்ம ராஜா ஊருதானே மாப்ள? அப்ப நமக்கும் செல்லும். ஜல்தி ஒரு பாரம் வாங்கியா" என்றார்.

அது இன்னும் சட்டமாகவில்லை என்றேன். "ஆவறதுக்குள்ள எழுதி வெச்சிக்கினா மொத ஆளா போவலாம்" என்றார்.

அச்சடித்த பாரத்துக்கு எங்கே போவது? வெள்ளைக் காகிதத்தில் நானே எழுதினேன். எதிர்வீட்டு வாத்தியார் சீனுவாசனைச் சாட்சிக்கு அழைத்தேன். படித்துப் பார்த்தவர், பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் ராஜாமணியோ, "நான் ஜெயிலுக்குப் போனா உங்க மாமனாருக்கு யாருங்க ஊசி போடறது?" என்றார். இதற்குள் உன் அக்காள் தையல்நாயகி காகிதத்தைப் பார்த்துவிட்டாள். "எங்கப்பாவச் சாவடிக்க எழுதிக்கினு இருக்கீங்களா?" என்று எனக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்தேன். அது உன் தகப்பனார் காதில் விழுந்தது. "சாட்சி போடாதவன் கையால கஞ்சி வேணாம்" என்று அவர் வாயை மூடிக்கொண்டார். ஆக, மாமனாரும் பட்டினி, மருமகனும் பட்டினி.

நேற்று மத்தியானம் வலி சற்று விட்டபோது என்னைக் கூப்பிட்டார்.

"பயமா இருக்குதா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"எனக்குச் சாவறதுக்குப் பயம் இல்ல. அடுத்த வலிக்குத்தான் பயம். என்னக் கொல்லவா உன்னச் சொன்னேன்? நான் கேட்டேன்னு சாட்சி போடத்தானே சொன்னேன்?"

தையல்நாயகி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தார். நான் முதல் சாட்சி போட்டேன். 'கோதண்ட' ஒரு வரியிலும் 'பாணி' அடுத்த வரியிலும் விழுந்தன. சற்றுப் பொறுத்து, "சாப்பிட வாங்க" என்றாள் உன் அக்காள்.

இரண்டாவது சாட்சிக்கு நீ உடனே வரவேண்டும். இந்தச் சட்டம் திண்டிவனம் தாலுக்காவுக்குச் செல்லுமா, செல்லாவிட்டால் என்மேல் எந்தச் செக்ஷன் பாயும் என்று உன் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வா. உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நீடூழி வாழவேண்டும் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வாழ்க.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது இன்றைய பேப்பர் வந்தது. பிரபுக்கள் மசோதாவைத் தள்ளிவிட்டார்கள். மறைக்க மனமில்லாமல் வாசித்துக் காட்டினேன்.

"எத்தினி பேரு வேணும்னாங்க?"

"பதினாலு பேர், மாமா. வேண்டாம் என்றவர்கள் முப்பத்தைந்து."

"அந்தப் பதினாலு பேரு வூட்லயும் யாரோ இப்பிடிக் கெடந்திருப்பாங்க" என்றார். பிறகு, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். தையல்நாயகி ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் சாட்சி போட வரவேண்டாம். வக்கீலையும் கேட்கவேண்டாம். சும்மா வந்து அவர் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்.