மூடிய பள்ளத்தைத் திரும்பத் தோண்டுவது குறித்து

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய மச்சான் கிருபைராஜ் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே நாங்கள் சுகம். உம்முடைய சுகத்துக்கும், உம் மனைவி ஃபெபியின் சுகத்துக்கும், உம்முடைய புதுக் காரின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

உம்முடைய தங்கை பியூலா எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறு ஆராதனையில் இடது கையால் மட்டும் கீபோர்டு வாசிக்கிறாள். சபையார் பாட்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்துகிறார்கள். தெருவே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. நகராட்சியில் சாலைப் பிரிவுப் பொறியாளராக இருக்கும் அவளுடைய ஒரே அண்ணன் மட்டும் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "வரணும்னுதான் பாக்கேன் மாப்ளே, அந்தப் பள்ளத்துல நம்ம வண்டி அடி தட்டும்லா" என்றீர். பியூலா அதை நம்பினாள்.

பள்ளத்தை மூடிவிடலாமே என்றேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் எனக்கே அன்று நீர் ஒரு பாடம் நடத்தினீர். "ரோடு காண்ட்ராக்டர் பொறுப்புல கெடக்கு மாப்ளே. நாங்க ஒரு சட்டி தாரு ஊத்துனா, நீங்க கை வச்சாச்சு, இனி எனக்குச் சம்பந்தமில்லன்னு அவன் கழண்டுருவான்." அப்படியானால் காண்ட்ராக்டரே மூடட்டும் என்றேன். "அவன் எதுக்கு மூடுதான்? தோண்டுனது குழாய்க்காரன்லா." சரி, குழாய்க்காரர்கள்? "அவங்க அன்னைக்கே மண்ணைப் போட்டாச்சுவே. மழையில அமுங்குனா அவங்க என்ன செய்வாங்க?" ஆக, மழையின் மேல்தான் வழக்குப் போட வேண்டும். நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுக்கச் சொன்னதும் நீர்தான். கூடவே, "ஆய்வுக்கு ஆளு வாற வரைக்கும் பள்ளம் பள்ளமாவே கெடக்கணும், எவனும் மூடிரப்புடாது, பாத்துக்கிடும்" என்றீர்.

பார்த்துக்கொண்டேன். படித்த மனிதன் நான், பள்ளத்துக்குக் காவல் இருந்தேன். எதிர்வீட்டு உலகம்மாள் தன் வீட்டில் இடித்த சுவரின் செங்கல்லைக் கொட்ட வந்தபோது நடுவே நின்று தடுத்தேன். "என்ன சார், உள்ள புதையலா கெடக்கு, இப்படிக் காத்துக் கெடக்கிய?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். மூடினால் பள்ளம் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நகராட்சி மூடுவதில்லை. மூடினால் மனு செத்துவிடும் என்று விழுந்தவனும் மூட விடுவதில்லை. இது புரியாமல்தான் ஜனங்கள் உங்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். நான் போய்வருவதற்குள் பியூலா கொத்தனார் ஷமீமைக் கூப்பிட்டு, ஜல்லியும் சிமெண்டும் போட்டுப் பள்ளத்தை மூடிவிட்டாள். ஷமீம் மட்டக்கோல் வைத்துப் பார்த்துச் செய்திருக்கிறார். தெருவிலேயே சமமாக இருப்பது இப்போது அந்த இடம் ஒன்றுதான். சத்தம் போட்டேன். "உங்க மனு ஜெயிக்கதுக்கு இன்னும் ஒரு ஆளு கை ஒடியணுமா?" என்றாள். கட்டுப்போட்ட கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் வந்த அதிகாரி, "பள்ளம் எங்க சார்?" என்றார். இங்கேதான் இருந்தது என்றேன். "போன மாசம் என்ன இருந்துச்சுன்னு பாக்க எனக்கு உத்தரவு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பள்ளம் ஏதும் காணப்படவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அதுகூடப் போகட்டும். போன வாரம் பியூலா பெயருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பள்ளத்தை மூடியது குற்றமாம். இந்த மாதத்துக்குள் சாலையை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம். நஷ்டஈடு கேட்டபோது காணாமல் போன பள்ளம், குற்றம் சாட்டும்போது திரும்பி வந்துவிட்டது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். கடப்பாரை தயார். முன்பிருந்த நிலை என்றால் எவ்வளவு ஆழம், தண்ணீரோடா தண்ணீர் இல்லாமலா என்று மட்டும் தெரிவிக்கவும். அறிவிப்பின் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவர் நீர் என்பதால் உம்மிடம் கேட்கிறேன். தங்கையின் பெயரைப் படிக்காமல் போட்டீரா, படித்துவிட்டே போட்டீரா? எங்கள் கல்யாணப் பந்தியில் என் அப்பாவைக் காக்கவைத்ததையே நான் இன்னும் மறக்கவில்லை. அறிவிப்பைப் பியூலாவிடம் காட்டாமல் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். காட்டினால், கல்யாணமான நாளிலிருந்து உம்மைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். உம் பதிலைப் பார்த்துவிட்டுக் காட்டுவதாக இருக்கிறேன்.

உமக்கும் ஃபெபிக்கும் கர்த்தர் மேடுபள்ளம் இல்லாத வழியை அருளுவாராக.

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடும். உறையை ஒட்டுவதற்குள் பியூலா அலமாரியைத் திறந்துவிட்டாள். உம் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்போ பள்ளம் மூடியாச்சுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. இனி வண்டி அடி தட்டும்னு சொல்ல மாட்டாகல்லா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள். இதற்காகத்தான் மூடினாயா என்று கேட்டேன். கறிக்கடைக்குச் சொல்லிவைக்கப் போய்விட்டாள். ஆகவே, ஆராதனை முடிந்ததும் வந்து சேரும். கையெழுத்துப் போட்டால் உம்மை நான் அழைத்ததாகிவிடும். எனவே போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.