தேர்வுக்கு ஒரு தலை

மச்சான் வந்து கடை வாசலில் நின்றதும், பூட்டுக்கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"எது அத்தான்?"

"தலை."

மச்சான் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். ஒட்ட வெட்டி, ஓரம் மழித்து, பவுடரும் போட்டிருந்தது. "நல்லாருக்கா? பரீட்சை ஹாலுக்குப் போறோம், நீட்டா போக வேண்டாமா?"

"யோவ், பரீட்சையே உன் தலையிலதான்யா."

பூட்டுக்கடைக்காரரின் மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். காலையில் கணக்கு, இயற்பியல். மதியத்துக்கு மேல் முடி திருத்தும் தொழில். புதுப் பாடத்திட்டத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். எதில் கவிழ்ந்தாலும் சான்றிதழ் கிடையாது. கத்தரிக்கோலில் ஓர் அலகு போனால் மற்றதை வைத்து என்ன வெட்டுவது?

இன்று காலை செய்முறைத் தேர்வு, மதியம் கணக்கு. செய்முறைக்கு வெட்டுவதற்கு ஓர் ஆண் தலையை மாணவர்களே கொண்டுவர வேண்டும் என்பது விதி. தகப்பனுக்குத் தலை இருந்தது, முடி இல்லை. அதனால் தாய்மாமன் என்று முன்பே எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் மச்சானை முடி வெட்டவிடாமல் வளர்த்தார்கள். வீட்டில் ரோஜாச் செடிக்குக்கூட அவ்வளவு கவனிப்பு இருந்ததில்லை.

"நீ கடையைப் பாரு" என்று மச்சானை உள்ளே தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

முதலில் கண்ணில் பட்டவர் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர். கருகருவென்று நெற்றி மறைக்கும் முடி.

"அண்ணே, ஒரு உதவி. உங்க முடி கொஞ்சம் வேணும்."

"இது வேண்டாமே" என்று அவர் ஒரு அடி பின்னால் போனார்.

சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் பூட்டுக்கடைக்காரர் பேரம் பேசியதே இல்லை. "அட, அடர்த்தியைப் பார்க்கறேன்" என்று கையை வைத்தார். அடர்த்தி கையோடு வந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"இருபது வருஷமாக் காப்பாத்தினேன்யா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், மெதுவாக. அழுவதா அடிப்பதா என்று அவர் முடிவு செய்வதற்குள், விக்கை மேஜைமேல் வைத்துவிட்டு இவர் நகர்ந்தார்.

முடி தேடுகிறவன் எங்கே போவான்? முடி வெட்டும் கடைக்குப் போனார். பெஞ்சில் ஐந்து பேர். நான்கு பேருக்குச் சவரம். ஐந்தாவது ஆள் ஊருக்குப் புதிது, மடியில் ஒரு பை, தலை புதராக இருந்தது.

காதோரம் குனிந்தார். "இங்க ஒரு மணி நேரம் ஆகும். என்கூட வாங்க, இனாமா வெட்டிவிடறோம்."

"எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும். இந்தத் தலையோட போனா மரியாதையா இருக்காது."

"அதுக்குத்தானே சொல்றேன். ஒரு பித்தளைப் பூட்டும் தர்றேன்."

"பூட்டு எனக்கு எதுக்குங்க?"

"சரி, ரெண்டு சாவியோட."

அந்த ஆள் சிரித்துவிட்டார். சிரித்தவன் பாதி வாங்கியவன் என்பது பூட்டுக்கடைக்காரரின் தொழில் அனுபவம். கையைப் பிடித்து எழுப்பினார்.

"என் பெஞ்சுல வந்து கஸ்டமரைப் பிடிக்கிறீங்களே, உங்க கடையில வந்து நான் நின்னா?" என்றார் முடி வெட்டுபவர்.

"வாங்க, டீ தர்றேன்."

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். "வெட்டப் போறது என் பொண்ணு. கை பூ மாதிரி. யார் கேட்டாலும் நீங்க அவளுக்குத் தாய்மாமன். மத்தபடி வாயைத் திறக்கக் கூடாது. இன்னிக்கு மார்க் போட வர்ற தேர்வாளர் சரியான முசுடாம். சீப்பை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாதாம். அவர் வந்தா சந்தோஷமாத் தலையை ஆட்டுங்க, போதும்."

பள்ளி வாசலைப் பார்த்ததும் அந்த ஆள் நின்று ஏதோ சொல்ல வந்தார்.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னேனே. போனைக் கொடுங்க. மணி அடிச்சா திரும்புவீங்க, காது போயிடும்." வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கதவருகே ஆசிரியை கேட்டார்: "இவர்தான் தாய்மாமனா?"

"ஆமாங்க. என் சம்சாரத்தோட கூடப் பிறந்தவர்."

"பேச மாட்டாரா?"

"எங்க வீட்டுல பொம்பளைங்க பேசினா ஆம்பளைங்களுக்கு இடம் கிடைக்காதுங்க."

மகள் நாற்காலியைப் பார்த்தாள். "அப்பா, இது யாரு?"

"உன் மாமா."

"எந்த மாமா?"

"இன்னிக்கு மாமா. வெட்டு."

வெட்டும்போது தேர்வாளர் வரமாட்டார், முடிந்த பிறகு தலையை மட்டும் பார்ப்பார். பெற்றோர் சுவரோரம் நின்றுகொள்ளலாம். அவள் சீப்பால் முடியை உயர்த்தி, கணக்குச் சூத்திரம் எதையோ முணுமுணுத்தபடியே வெட்டினாள். திடீரென்று நிறுத்தினாள்.

"மாமா, உங்க வலது காது கொஞ்சம் கீழ இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டினா கோணலாத் தெரியும்."

"அளவை விடாதேம்மா, அளவுக்குத்தான் மார்க்" என்று சுவரோரத்திலிருந்து தகப்பன் கெஞ்சினார்.

"மார்க்குக்கு வெட்டினா இவர் கோணலா வீட்டுக்குப் போவார்ப்பா." இடது பக்கத்தை ஒரு நூல் இறக்கி வெட்டினாள். தகப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சான்றிதழ் போயிற்று என்றே நினைத்தார்.

எல்லாரும் முடித்த பிறகும் தேர்வு முடியவில்லை. ஆசிரியை மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தார்.

"வெளியூர்த் தேர்வாளர் இன்னும் வரலை. அவர் பார்க்காம மார்க் கிடையாது. போனையும் அணைச்சு வெச்சிருக்கார்."

பூட்டுக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மதியம் இதுங்களுக்குக் கணக்குப் பரீட்சை. பிள்ளைங்க வாழ்க்கை அந்தரத்துல தொங்குது, அந்த மனுஷன் எங்கயோ சாவகாசமாக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்."

நாற்காலியில் இருந்தவர் நீட்டியிருந்த காலை மடக்கினார். கண்ணாடியில் இரண்டு காதையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே வந்த பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"துண்டை அவிழ்த்துவிடும்மா, மத்தத் தலைங்களையும் பார்த்துட்டு மார்க் போடணும்."