எவ்ளோ பாயும் எழுபத்து மூன்று பைட்டும்

ஆம்பூரில் அளவு கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் எவ்ளோ பாய்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

தோல் தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கணினிப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. அதில் ஆக ஆழத்தில் இருக்கும் கெர்னல், பாயின் பொறுப்பு. மேலே ஓடும் நிரல் தப்புச் செய்தால் அது மட்டும் சாகும். கெர்னல் தப்புச் செய்தால் மொத்தப் பெட்டியும் போய்விடும். ஆகவே யார் எதை எங்கே நகலெடுத்தாலும் பாய் கேட்பது இரண்டே கேள்வி: "வர்றது எவ்ளோ? எடம் எவ்ளோ?"

பழக்கம் ஆபீசோடு நிற்கவில்லை. டீக்கடையில் காலி கிளாசை வாங்கி உயரம் பார்த்துவிட்டு, "எவ்ளோ ஊத்துவ?" என்பார். ஆலங்காயம் பஸ்ஸில் ஏறுமுன், "உள்ள எத்தினி பேரு?" என்று கண்டக்டரைக் கேட்பார். பதில் வருவதற்குள் பஸ் போய்விடும். தன் நிக்காவிலேயே நாற்காலியை எண்ணிவிட்டு, சொந்தச் சித்தப்பாவை வாசலில் நிறுத்தினார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

ஒரு தொழிற்சாலையில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்முக்குப் பெட்டி கொடுக்க வேண்டிய வாரம் அது. தொழிலாளர் அட்டையைக் காட்டியதும் பெயரைப் படிக்கும் கெர்னல் பகுதியை நான் எழுதியிருந்தேன். பெயருக்கு நினைவகத்தில் அறுபத்து நான்கு பைட் இடம். வரும் பெயரின் நீளத்தை நான் அளக்கவில்லை என்று பாய் ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

"எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் நாப்பது எழுத்து தாண்டாது. பேஜார் பண்ணாதீங்க பாய்," என்றேன்.

"நீ எழுத்த எண்ற. மெஷின் கொம்பு, காலு, புள்ளி எல்லாத்தயும் தனித்தனியா எண்ணும்மா. ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் என்னையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கே போனார். "இங்க நீளமான பேரு யாருக்கு?"

டிரம்மிலிருந்து ஈரத் தோலை இறக்கும் ஒரு அக்கா கை தூக்கினார். அந்தோணியம்மாள் ஞானசௌந்தரி. பதினான்கே எழுத்து. பாய் விரல்விட்டு எண்ணி, "நடுவுல இருக்கிற எடவெளியோட எழுபத்திமூணு பைட்," என்றார்.

ஆட்களை விலக்கிவிட்டுக் காலி டிரம்மை ஓட்டினோம். அக்கா அட்டையைக் காட்டினார். பெயர் தன் இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்திலிருந்த நிறுத்து பொத்தானின் தகவலை அழித்துவிட்டது. திரை உறைந்தது. பாய் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டிரம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.

அக்கா டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெனம் இதுக்குள்ளதான் கைய வுடறேன்," என்றார்.

பாய் திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து, முதலில் அளந்து பார், இடத்தைத் தாண்டினால் ஒரு பைட்கூட எடுக்காதே என்று மூன்று வரி சேர்க்க வைத்தார். பெயருக்கான இடத்தையும் பெரிதாக்கினோம். அக்காவின் முழுப் பெயரும் திரையில் வந்தது. சிவப்புப் பொத்தானை அவரே அழுத்தினார். டிரம் நின்றது. பாய்க்குத் திருப்தியில்லை. முந்நூறு எழுத்தில் ஒரு பெயரைத் தயாரித்து அனுப்பினார். பெட்டி மரியாதையாக மறுத்தது.

மறுநாள் திருத்தக் குறிப்பைப் படித்தேன். பிழையைக் கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருந்தார்.

"இன்னா பாய் இது? தப்புப் பண்ணதே நான்தானே?"

"ஸ்விட்ச எறக்குனது யாரு?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் நான் எழுதுவதை முதலில் பாயிடம்தான் காட்டுகிறேன். அவர் முகம் சுளித்தால் நிம்மதியாக இருக்கிறது.