சேர்மானம் கரையில் நின்ற நாள்

சோற்றைத் தின்னுவதற்கு முன், அதைத் தின்ன எத்தனை விதம் உண்டு என்று கணக்குப் பார்த்த ஒரே மனிதப்பிறவி எங்கள் சேர்மானம்தான். தூய கணிதத்தில் 'இத்தனை பேரில் இத்தனை பேரை எத்தனை விதமாகத் தெரிவுசெய்யலாம்' என்று வருமே, அந்தப் பாடத்தின் பெயரே அவனுக்குப் பெயராகிவிட்டது. கிரான் பக்கத்துப் பொடியன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் பள்ளி விடுதியில் ஒரே அறை.

"மனே, இண்டைக்குப் பருப்பு மட்டும்தான்" என்பார் சமையல்கார அக்கா.

"அப்ப ரெண்டு விதம் அக்கா. தின்னலாம், தின்னாமலும் விடலாம்."

சண்டைக்காலம். சோதனைச் சாவடியில் எங்கள் அறைக்காரர் ஐந்து பேரும் வரிசையாக நின்றபோதும் இவன் வாய் முணுமுணுத்தது.

"என்ன மந்திரம்?" என்றான் சிப்பாய்.

"எங்கள நூற்றி இருவது விதமா நிப்பாட்டலாம், சேர்."

"இந்த விதம் போதும். நில்லு!"

உயர்தரப் பரீட்சையில் கணிதத்தாள் அன்று காலை பாலத்தை மூடிவிட்டார்கள். பரீட்சை மண்டபமோ வாவிக்கு அக்கரையில். கிடைத்தது ஒரு தோணி. நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்றார் தோணிக்காரர். நாங்களோ ஐந்து பேர்.

"ஒராள நிப்பாட்ட அஞ்சு விதம் இரிக்கி" என்றான் சேர்மானம். "அதில நல்ல விதம் இதுதான்." சொல்லிக்கொண்டே எங்கள் நாலு பேரையும் ஏற்றித் தோணியைத் தள்ளிவிட்டான்.

நாங்கள் அக்கரையில் இறங்கியதும் துவக்குச் சூட்டுச் சத்தம். தோணி உடனே திரும்ப முடியவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது மண்டபக் கதவைச் சாத்திவிட்டார்கள். எவ்வளவு கெஞ்சியும் உள்ளே விடவில்லை.

தாள் முடிந்து வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை.

"எண்ணுற கணக்கு வந்ததாடா?"

வட்டமேசையில் எட்டுப் பேரை எத்தனை விதமாக இருத்தலாம், கோபத்திலிருக்கும் இருவர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றேன். ஈர்க்குச்சியால் மண்ணில் வட்டம் கீறினான். "முதல்ல கோவமில்லாத ஆக்கள இருத்துவம்..." கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தான். "மூவாயிரத்து அறுநூறு! சரியாடா?"

சரிதான் என்று பிறகு ஆசிரியர் செய்து காட்டியபோது தெரிந்தது. எங்கள் நாலு பேரில் ஒருவனுக்கும் அந்த விடை வந்திருக்கவில்லை.

அடுத்த பரீட்சைக்கு முன்னமே அவன் ஊர் இடம்பெயர்ந்துவிட்டது. கனடாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். இந்தியாவில் முகாமில் என்றார் இன்னொருவர். இல்லை, அவன் போய்விட்டான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து தெரியாத இலக்கத்தில் போன் வந்தால், இன்றைக்கும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.