வடிகட்டியில் நாற்பத்தொன்று

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை
காலை 6.20
எண்ணிக்கை: 41

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் போன் வந்திருக்கும். மாமாவின் முழங்கால் படியேற ஒத்துக்கொள்கிறதா? மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது நின்றதா? விசாரிப்புகள் முடிந்தன. விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

மேலே போட்டிருக்கும் நாற்பத்தொன்று, இன்று காலை எங்கள் குளியலறை வடிகட்டியில் நான் எடுத்த முடி. உங்கள் மகளின் உடைந்த முடி. ஜனவரி ஐந்தாம் தேதி எண்ண ஆரம்பித்தேன், இன்றோடு எழுபத்திரண்டு நாள், மொத்தம் 3,882. ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த அன்றுகூட எழுந்து போய் எண்ணிவிட்டுத்தான் மாத்திரை போட்டேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் மகளின் முடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அது ஒன்பது வருடமாக பார்லரில் மருந்து தடவி, சூட்டுக் கம்பியில் இழுத்து நேராக்கியது என்று நீங்கள் சொல்லவில்லை, மாமா சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துப் போட்டோ சொல்லியிருக்கும், அதை மட்டும் அன்றைக்கு அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நீங்களே கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் நாளே ஒருவன் வந்து உட்கார்ந்து, "இந்த முடி வந்தபடியே இருக்கிறதா, நடுவில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?" என்று கேட்டால் நீங்கள் பெண்ணைக் கொடுத்திருப்பீர்களா, கதவைக் காட்டியிருப்பீர்களா?

போன வருடம் மே மாதம், மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "இனிமே நேராக்கப் போறதில்லைங்க. எப்படி வளருதோ அப்படியே வளரட்டும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அலுத்துப்போச்சு."

காரணம் அவ்வளவுதான். நானும் சரி என்றேன். பிறகுதான் பிரச்சினை தலைகாட்டியது. மேலே புதிதாகச் சுருட்டை வளர்கிறது, கீழே பழைய நேரான முடி தொங்குகிறது, இரண்டும் சேரும் இடத்தில் உடைகிறது. நான் கேபிள் ஆலையில் தரப் பரிசோதகன். இரண்டு வேறு கம்பிகளை இணைத்து இழுத்தால் எங்கே அறும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவளோ பார்லர்காரம்மாவிடம் போய்க் கேட்டாள். அவர் சொன்னாராம்: பழைய முடியை ஒரே நாளில் வெட்டி எறி, இல்லையென்றால் மாதம் ஒரு தடவை நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு பொறுத்திரு, சூடு காட்டாதே, ஈரமாக இருக்கும்போது அகலப் பல் சீப்பால் மெதுவாகச் சிக்கெடு, தலையணைக்கு வழுவழுவென்று ஒரு உறை போடு. உங்கள் மகள் பொறுத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடப்போகிற வேலைக்கு நான்கு வரித் திட்டம்! அளவு கிடையாது, பதிவேடு கிடையாது, பொறுப்பாளர் கிடையாது. சரி, பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. தரப் பரிசோதகனை எங்கேயும் யாரும் கேட்பதில்லை.

என் முறை எளிமையானது. இரண்டு பேரும் குளித்த பிறகு வடிகட்டியில் நிற்பதைச் சாமணத்தால் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புவேன். நீளமான முடி என்றால் இயல்பாக உதிர்ந்தது, அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தில், நேராக, துண்டாக இருந்தால் அது உடைந்தது. இதில் என்ன தப்பு இருக்க முடியும்? ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரி 63. பிப்ரவரியில் 52. இந்த மாதம் பதின்மூன்றாம் தேதிவரை 43. இறங்கியது, பிறகு நாற்பதை ஒட்டி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் சராசரி நாற்பதுக்குக் கீழே போக மறுக்கிறது என்றால் குறை மூலப்பொருளில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மாமாவின் தலை ஒன்றே போதும் சாட்சிக்கு. அந்த வழியில் வந்த சரக்கு வேறெப்படி இருக்கும்?

நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். வடிகட்டி என்றால் சமையலறையிலிருந்த டீ வடிகட்டி. அதன் கைப்பிடியை வெட்டிக் குளியலறைக் கழிவுநீர்க் குழாய் வாயில் பொருத்தினேன். மூன்றாம் நாள் அது அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஹாலுக்கு வந்து, சோபாவுக்கு அடியில் போய், கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்ட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் முடியும் முடியும் உரசுகிறது என்று கணக்குப் போட்டு விசிறியை நிறுத்தினேன், இரண்டு பேரும் ஒரு வாரம் வேர்வையில் குளித்தோம், வேர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு முடிக்கு ஆகாது என்று படித்துவிட்டு மறுபடியும் போட்டேன். அகலப் பல் சீப்பு கடையில் கிடைத்தது போதாது என்று ஒன்றுவிட்டு ஒன்று பல்லைப் பிடுங்கிக் கொடுத்தேன். "இத வச்சு தோட்டம்தான் கொத்தலாம்" என்றாள். அந்த வழுவழு உறை இருக்கிறதே, அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது, என் தலைதான் வழுக்கிக்கொண்டே போய் விடியும்போது கட்டிலுக்கு வெளியே தொங்கும். கழுத்துச் சுளுக்கோடு மூன்று நாள் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஆலையில் இழுத்து அறுக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, கம்பி எவ்வளவு பலம் தாங்கும் என்று பார்க்க. பத்துத் துண்டை எடுத்துப்போய் அதில் மாட்டினேன். உடைந்த முடி பலவீனமாக இருக்க வேண்டுமா இல்லையா? பத்தும் நல்ல முடிக்குப் போட்டிருக்கும் அளவைத் தாண்டி நின்றன. அப்படியென்றால் இயந்திரம் தப்பு. அதன்மேல் "பழுது" என்று சீட்டு ஒட்டிவிட்டேன், அரை நாள் உற்பத்தி நின்றது. மேலாளர் வந்தார்.

"யாருய்யா இத ஒட்டுனது? நேத்துதானே சரிபார்த்து வாங்குனோம்!"

"மதிப்பு கூடக் காட்டுது சார்."

"எந்த கேபிளுக்கு?"

நான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "மிஷின் சரியாத்தான் இருக்கு. நீ கொண்டுவந்த சாம்பிளப் பாரு" என்றார். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது.

பிறகு பார்லர்காரம்மாவையே போய்ப் பார்த்தேன், ஒரு வாரத்துச் சரக்கை உறையில் போட்டுக்கொண்டு. அவர் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"தம்பி, இந்த நுனியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு பாருங்க. இது வேர். உடைஞ்ச முடிக்கு வேர் இருக்காது. இது தானா உதிர்ந்தது."

"அது சோப்பு. பதிவேட்டில் சோப்புப் படிவுன்னு குறிச்சிருக்கேன்."

"உங்க வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்படியா" என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்கு நாலு விரல் மேலே பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது. வாடிக்கையாளரிடம் பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதுகூடத் தெரியாதவர்களிடம் தலையைக் கொடுத்தால் இப்படித்தான்.

இனி போன வெள்ளிக்கிழமை. எங்கள் ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு, கடைசி விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று தினமும் மாற்றி எழுதுவார்கள். பார்த்தாலே தொழிலாளிக்கு ஊக்கம் வரும். அதே மாதிரி ஒன்று செய்து ஹாலில் மாட்டினேன்: "கடைசி உடைவுக்குப் பின் கடந்த நாட்கள்: 0." வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். "என்ன உடைஞ்சது?" என்று கேட்டார்கள். யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று நான் பதிவேட்டைக் கொண்டுவந்து விளக்கினேன். அவர்கள் போன பிறகு பெட்டியை எடுத்தாள்.

"கீழ விழுந்தத இத்தன நாளா எண்ணுறீங்களே, மேல இருக்கறத ஒரு நாளாவது பார்த்தீங்களா? முன்பக்கம் எவ்வளவு சுருள் வந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதுக்கு எண்ணிக்கை முடியட்டும்..."

"முடிச்சுட்டுச் சொல்லுங்க. அப்ப வர்றேன்."

ஏழு மணிப் பேருந்தில் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. நான் இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன், தினமும்.

ஆகவே உங்களிடம் கேட்பது: அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் செய்தது எல்லாம் அவள் நன்மைக்கு. அங்கே இருக்கும் வரை உங்கள் வீட்டுக் குளியலறையிலும் ஒரு வடிகட்டி வைத்து, காலையில் எண்ணி, எனக்குச் செய்தி அனுப்புங்கள், பதிவில் இடைவெளி விழக்கூடாது. மாமா சும்மாதான் இருக்கிறார், அவரே எண்ணலாம். பரம்பரைக் குறையைப் பற்றி நான் எழுதியதை அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உண்மை சுடத்தான் செய்யும். நிரூபணமாக எழுபத்திரண்டு நாள் வரைபடத்தையும் இத்துடன் இணைக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நின்று நீங்களாகப் பேசுகிற மாதிரி பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: காலை 7.45. வரைபடம் போட உட்கார்ந்தேன். சனி 42, ஞாயிறு 39, திங்கள் 44, இன்று 41. புள்ளி வைத்தேன், கோடு இழுத்தேன். கோடு இறங்கவில்லை. நேராகப் போகிறது. அத்தை, உங்கள் மகள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் நம் வீட்டோடு சேர்கிறதா என்று பார்த்தேன். சேரவில்லை. பூனை நுழைய வழியிருக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தேன். கம்பி வலை போட்டதே நான்தான். பிறகு போனைத் தலைக்கு மேலே பிடித்து ஒரு படம் எடுத்தேன். நான் கண்ணாடி பார்க்கிறவன் இல்லை, மூன்று நிமிடத்தில் குளித்துக் கிளம்புகிறவன், பார்த்தாலும் முன்பக்கம்தான் தெரியும். உச்சியில் ஒரு சப்பாத்தி அளவுக்கு வெளிச்சம் வந்திருக்கிறது. ஐந்தாறு சென்டிமீட்டர், நேரான முடி, வேரோடு. எல்லாம் என்னுடையது.

கழித்துப் பார்த்தேன். நாளுக்கு என் பங்கு நாற்பத்தொன்று என்றால், அவளுடையது ஜனவரியில் இருபத்திரண்டு, பிப்ரவரியில் பதினொன்று, மார்ச்சில் இரண்டு. அந்த நான்கு வரித் திட்டம் வேலை செய்திருக்கிறது. நான் குறுக்கே நின்றும் செய்திருக்கிறது.

ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப்போவதில்லை. எழுதியது எழுதியதுதான். ஆனால் நீங்கள் பின்குறிப்பை முதலில் படியுங்கள்.

2. மாமாவின் தலையைப் பற்றிய வரிகளைத் திரும்பப் பெறுகிறேன். அவருக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, என்னென்ன தடவிப் பார்த்தார், எப்போது விட்டுவிட்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவசரம்.

3. ஹாலில் இருக்கும் பலகையைக் கழற்றி, ஆணி ஓட்டையை அடைப்பேன். டீ வடிகட்டி புதிது வாங்குவேன். பழையதைத் திரும்பச் சமையலறையில் வைக்கமாட்டேன்.

4. "பழுது" சீட்டுக்காக மேலாளரிடம் போவேன். அவர் கேட்டால் உண்மையைச் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டேன்.

5. நாளை பார்லர்காரம்மா முன் உட்கார்ந்து, அவர் எங்கே வேண்டுமானாலும் பார்த்துப் பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

6. வெள்ளிக்கிழமை அதே ஏழு மணிப் பேருந்தில் அங்கே வருவேன், பதிவேடு இல்லாமல். அவள் தலையை முன்பக்கமிருந்து பார்ப்பேன், எண் எதுவும் சொல்லமாட்டேன். சிரித்தால் சிரிக்கட்டும். பதிலுக்கு என் தலையை அவள் பார்க்க விரும்பினால் குனிவேன்.

7. அதற்குமுன் அவளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புவேன், அவள் சொன்ன மாதிரியே: எண்ணி முடித்துவிட்டேன்.