ஏரிக்காட்டு வீரர்

"ஏரிக்காட்டுக்கு அனுமதிச் சீட்டு கிடைச்சாச்சு!" என்று மார்லிஸ் கூவியபோது எல்டன் காட்டரிசி சூப்பைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

டுலூத் நகர நூலகத்தில் பதினோரு வருடமாக, மதியச் சாப்பாட்டு வேளையில், வடக்கு ஏரிக்காட்டில் தன்னந்தனியாகத் தோணி வலித்த கதைகளை அளந்தவர் எல்டன். உண்மையில் அந்த விடுமுறைகள் எல்லாம் அக்கா வீட்டின் நிலவறையில், டிவிக்கு முன்னால் கழிந்தவை. தோணியில் அவர் கால் வைத்ததே இல்லை. இப்போது தலைமை நூலகர் மார்லிஸ், எல்டன் தலைமையிலேயே நால்வருக்கு ஜூனில் ஐந்து நாள் பயணம் ஏற்பாடு செய்துவிட்டாள்.

"ஜூன் மாசமா? கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடுமே!" என்றார் எல்டன்.

"எனக்கெல்லாம் கொசு சொந்தக்காரன் மாதிரி. எத்தனை தடவை போயிருக்கேன்!" என்றான் உடன் வேலை பார்க்கும் கர்டிஸ்.

"கரடி வரும்."

"வரட்டுமே," என்றாள் நூலகத்தின் இன்னொரு ஊழியை ஜோடி. "நான் பார்க்காத கரடியா? கரடிக்கு எட்டாம சாப்பாட்டு மூட்டையை மரத்துல தொங்கவிடற வேலை உங்களோடது. நீங்கதானே அதுல கில்லாடி!"

கொசுவோடு விட்டிருக்கலாம். எல்டன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஏரிக்கு ஏரி தோணியைத் தலையில கவுத்துக்கிட்டு நடக்கணும். என் இடுப்பு தாங்காதும்மா."

"தூக்கறது எங்க பாடு, எல்டன். எனக்கு அதெல்லாம் பழக்கந்தான்," என்றாள் மார்லிஸ். "நீங்க கையை வீசிக்கிட்டு முன்னால நடந்து வழி காட்டுங்க. போதும்."

ஆக, மூட்டை கட்டுபவர் வழிகாட்டியாகவும் ஆனார். அன்று மாலையே வரைபடம் ஒன்று வாங்கினார். ஆயிரம் ஏரிகள், எல்லாம் ஒரே நீலம். சாப்பாட்டு மூட்டையை வீட்டு மேப்பிள் மரத்தில் கட்டிப் பார்த்ததில் கயிறு மேலே சிக்கிக்கொண்டது. மூட்டை இறங்க மறுத்தது. அணில்கள் மூன்று நாள் விருந்து சாப்பிட்டன.

பயண நாள் வந்தே விட்டது. ஏரிக்கரைத் தோணிக்கடையில் மற்ற மூவரும் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்க, எல்டன் கழிவறைக்குப் போவதுபோல் நழுவி, கடைக்காரி பெவர்லியிடம் போய் நின்றார். கையில் துடுப்பு. நெற்றியில் வேர்வை.

"அம்மா, மானம் போயிடும், வெளியில சொல்லிடாதீங்க. இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

பெவர்லி சிரிக்கவில்லை. துடுப்பை வாங்கித் தலைகீழாகத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த நூலகத்துக் கூட்டமா? மொத்தம் எத்தனை பேரு?"

"நாலு பேரு. ஏம்மா?"

"மத்த மூணு பேரும் அப்பவே ஒவ்வொருத்தரா ரகசியமா வந்து இதையே கேட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்கதான் பாக்கி இருந்தீங்க."